நாள் கிழிப்பவள், நாள் குறிப்பவர்

வடசென்னையில் தினசரி காலண்டர் இல்லாத வீடு அபூர்வம். தண்டையார்பேட்டையின் ஒண்டுக்குடித்தனமானாலும் எண்ணூரின் மீனவக் குப்பமானாலும், மளிகைக்கடையோ அடகுக்கடையோ புத்தாண்டுக்குக் கொடுத்த அட்டை ஒன்று ஆணியில் தொங்கும். அட்டையில் முருகன் இருப்பார், அல்லது வேளாங்கண்ணி மாதா இருப்பார். கீழே சிவகாசியில் அச்சான தாள்கட்டு. காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்போ பின்போ அந்தத் தாளைக் கிழிப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கிழித்ததைக் கசக்கிப் போடுவதற்குள் இன்றைய தாளில் ஒருமுறை கண்ணை ஓட்டிவிடுவாள். நாவலையும் சினிமாவையும் வரி வரியாகப் பிரித்துப் படித்த நாம், இவ்வளவு பெண்கள் ஆண்டுக்கு 365 நாளும் வாசிக்கிற இந்தப் பிரதியைப் பிரித்துப் படித்தது குறைவு.

உள்ளங்கை அகலத் தாளில் எத்தனை செய்திகள்! ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமியத் தேதி. திதி, நட்சத்திரம், யோகம். நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை. எந்தத் திசையில் சூலம், அதற்கு என்ன பரிகாரம். யாருக்குச் சந்திராஷ்டமம். பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன்: வரவு, செலவு, பகை, நட்பு, சுகம், அலைச்சல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு தாள் ஒரே ஒரு கூற்றைத்தான் சொல்கிறது: நேரம் என்பது ஒரே தரமானதல்ல, அதில் நல்லது கெட்டது உண்டு, அது எல்லோருக்கும் பொது. இந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம்.

திங்கட்கிழமை இராகு காலம் காலை ஏழரை முதல் ஒன்பது. நகரம் முழுவதும் வேலை வாரத்தைத் தொடங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். பள்ளிக்கூட மணி அதில் அடிக்கிறது, மின்சார ரயில் அதில் ஓடுகிறது. வியாழக்கிழமை எமகண்டம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஆறு மணி ஷிப்டுக்கு உள்ளே போகிறவன் எமகண்டத்தில்தான் கார்டு தேய்க்கிறான். எந்த ஆலையும் "ராகு போகட்டும், ஒன்பதுக்கு மேல் வா" என்று சொன்னதில்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்கிறது தாள். காசிமேட்டில் கிழக்கு என்றால் கடல். சூலத்துக்காக மீன்பிடித் துறைமுகம் மூடுவதில்லை. அது மூடுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அரசு விதிக்கும் 61 நாள் தடைக்காலத்தில். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கணக்கு, எப்போது இடம் காலி என்பது. கன்டெய்னர் லாரிக்குக் கணக்கு, எப்போது கேட் திறக்கும் என்பது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய பெண்களுக்கு அது எந்த ஓரை என்று பார்க்க நேரமில்லை.

மூலதனம் இயங்கும் இடங்களிலிருந்து இராகு எப்போதோ வெளியேற்றப்பட்டுவிட்டார். அப்படியானால் அவர் இன்னும் எங்கே ஆட்சி செய்கிறார்? பத்திரப் பதிவு உண்டு. முகூர்த்த நாள்களில் கூடுதல் டோக்கன் தருவதாகப் பதிவுத்துறையே அறிவிக்கிறது. வேட்புமனு உண்டு, கடை திறப்பு உண்டு, புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் உண்டு. இவையெல்லாம் ஒரு கையெழுத்தோடு, ஒரு தேங்காயோடு முடிந்துவிடும். நேரம் தவறினால் நிலத்துக்கு வலிக்காது. மிச்சம் இருப்பவற்றை வரிசையாக வையுங்கள்: பூப்பு, பெண் பார்த்தல், நிச்சயம், தாலி, சாந்தி முகூர்த்தம், வளைகாப்பு, பிரசவம். பஞ்சாங்கத்தின் ராச்சியம் சுருங்கிச் சுருங்கி ஒரு பெண்ணின் உடம்பளவுக்கு வந்து நிற்கிறது.

அந்த உடம்பைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பதை நட்சத்திர தோஷத்தில் பார்க்கலாம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு, விசாகம் கணவனின் தம்பிக்கு ஆகாது. 27 நட்சத்திரங்களில் நான்கு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஏழு பெண்களில் ஒருத்தி, பிறந்த வேளையிலேயே இன்னும் முகம் பார்த்திராத ஒரு குடும்பத்தில் யாரையோ கொல்லக் காத்திருப்பவள். குறிப்பிட்ட பாதத்துக்குத்தான் தோஷம், மற்ற பாதங்களுக்கு விலக்கு உண்டு என்று சோதிடர்கள் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பாதம் வரை போவதில்லை. நட்சத்திரப் பெயரைக் கேட்டதுமே காபியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதே மூலத்தில் பிறந்த பையனுக்கு? "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்." வானத்தில் இருப்பது ஒரே நட்சத்திரம். மருமகன் வந்த நேரத்தில் மாமனார் செத்ததாக எந்தப் பழமொழியும் நான் கேட்டதில்லை.

செவ்வாய் தோஷம் இருபாலாருக்கும் பொது என்பார்கள். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து வீடுகள். விலக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இதற்குள் வந்துவிடுவார்கள். இத்தனை பேருக்கும் உள்ளதை ஏன் நோய் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. பையனுக்கு இருந்தால் "அதே தோஷமுள்ள பெண்ணாகப் பார்ப்போம்" என்கிறார்கள். பெண்ணுக்கு இருந்தால் நகைக் கணக்கு ஏறுகிறது.

இன்னும் வெளிப்படையானது ருது ஜாதகம். சிறுமி முதன்முதலாக உதிரம் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டுபோய் அதற்கு ஒரு ஜாதகம் கணிப்பது. எந்தக் கிழமை, எந்தத் திதி, எந்த நட்சத்திரம் என்பதை வைத்து அவள் சுமங்கலியாக வாழ்வாளா, பிள்ளை பெறுவாளா, ஒழுக்கமாக இருப்பாளா என்று பலன் சொல்லும் பட்டியல்கள் முகூர்த்த நூல்களில் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயந்துபோய்ப் பாவாடையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள், வீட்டில் முதலில் எழும் கேள்வி "எத்தனை மணிக்குப் பார்த்தே?" என்பது. வலிக்கிறதா என்பது அதற்குப் பிறகு. பிறப்புக்கு ஒன்று, பூப்புக்கு ஒன்று என்று பெண்ணுக்கு இரண்டு ஜாதகங்கள். ஆணுக்கு மீசை அரும்பிய நேரத்தை யாரும் குறித்து வைப்பதில்லை.

முகூர்த்தத்துக்கு வருவோம். ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது. தேய்பிறையைப் பலர் தவிர்ப்பார்கள். செவ்வாய், சனி கூடாது. பெண்ணுக்கும் பையனுக்கும் சந்திராஷ்டமம் வரக்கூடாது. (கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் கழிய வேண்டும்.) வடிகட்டியபின் ஆண்டில் மிஞ்சும் சில பத்து நாள்களுக்குள் ஊரே கல்யாணம் செய்கிறது. மண்டப வாடகை, மல்லிகை, சமையல்காரர் கூலி எல்லாம் அந்த நாள்களில் ஏறும். பல வீடுகளில் அந்தப் பணம் இன்னும் பெண் வீட்டுப் பணம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் துணிக்கடைகள் கண்டுபிடித்த ஆடித் தள்ளுபடியில் எம்.சி. ரோடு நிரம்பி வழிவது தனிக் கதை. இந்த வடிகட்டலில் விடுபட்டுப்போகும் நாள் ஒன்று உண்டு. அது மணப்பெண்ணின் மாதவிடாய். சோதிடர் முன்னால் பாயில் உட்கார்ந்து நாள் குறிக்கிற ஆண்கள் அதைக் கேட்க மாட்டார்கள். அம்மாவோ அத்தையோ அடுக்களையில் காதோடு கேட்பாள். தேதி மோதினால் முகூர்த்தம் நகராது, உடம்புதான் நகரும். மருந்துக்கடையில் "நாள் தள்ளிப்போற மாத்திரை" வாங்கப்படும். நோரெதிஸ்டீரோன் என்ற அந்த இயக்குநீர் மாத்திரை மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தானது. கல்யாண அவசரத்தில் சீட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கிரகங்களின் நகர்வை இத்தனை நுணுக்கமாகக் கணக்கிடுகிற ஒரு சாத்திரம், மாதம் தவறாமல் நிலவைப் போலவே வந்துபோகிற ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது கவனக்குறைவால் அல்ல.

பிரசவத்தில் இது கத்தியாகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியச் சராசரி 21.5. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் தாய்சேய் மரணம் அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. இந்த எண்களுக்கெல்லாம் நல்ல நேரமே காரணம் என்று சொன்னால் அது பொய். மருத்துவமனையின் வருமானம் ஒரு காரணம். இரவெல்லாம் காத்திருக்காமல் பகலிலேயே முடித்துவிடலாம் என்கிற வசதி ஒரு காரணம். முதல் பிள்ளை அறுவையில் பிறந்தால் இரண்டாவதும் அப்படியே ஆவது, வலியைப் பற்றிய பயம், பிரசவ அறையில் ஏச்சு வாங்குவோமே என்ற பயம் எல்லாம் உண்டு. ஆனால் எப்படியும் அறுக்கத்தான் போகிறார்கள் என்று ஆனபின், எப்போது என்பது பேரத்துக்கு வந்துவிடுகிறது. சோதிடரிடம் வாங்கிய துண்டுச்சீட்டோடு குடும்பம் வருகிறது; மருத்துவமனை மறுப்பதில்லை.

மருத்துவக் காரணம் இல்லாமல் செய்யும் அறுவையை 39 வாரம் முடியும் முன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு அறுவையும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது. இவை தாயின் கணக்கில் எழுதப்படுபவை. சீட்டில் இருப்பதோ பிள்ளையின் லக்கினம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனையில், வரிசையில் கட்டிலுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்தத் தேர்வு இல்லை. ஆக, நல்ல நேரத்தில் பிறப்பது காசு உள்ளவர் வாங்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. சோதிடத்தின் சொந்தத் தர்க்கப்படியே இது விபரீதம். ஊழ்வினைப்படி வாய்த்த பிறந்த நேரத்தைப் படிப்பதுதான் ஜாதகம் என்றால், தேதி கொடுத்து அறுத்தெடுத்த நேரத்தைப் படிப்பது எதை? வயிற்றைக் கிழித்த நேரமா, தானாக வலி எடுத்திருக்கக்கூடிய நேரமா, எது பிறந்த நேரம் என்று சோதிடர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விதியை மாற்ற முடியாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறுகையால் விதிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிற தொழில் இது.

இந்தக் குணம் நம் பஞ்சாங்கத்துக்கு மட்டும் உரியதா என்று பார்க்க, இதே கடல்வழியே கிழக்கே போகலாம். சீனர்களும் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள். எந்த நாள் மணத்துக்கு ஆகும், எந்த நாள் வீடு மாற ஆகும், எந்த நாள் முடிவெட்ட ஆகும் என்று அதுவும் தாள் தாளாகச் சொல்லும். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றுக்கான எட்டு எழுத்துகளை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பண்டைச் சீன மணச் சடங்குகள் ஆறில் ஐந்தாவதன் பெயர் "நாள் வேண்டல்". நாளை முடிவு செய்வது மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டாரிடம் கேட்பது மரியாதைக்கு. நம்முடையதைப் போலவே அவர்களுடையதும் அறுபதாண்டுச் சுழற்சி. அதில் தீக்குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனை விழுங்குவாள் என்கிற நம்பிக்கை ஜப்பானில் வலுவாக வேரூன்றியது. 1965இல் அங்கே பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 லட்சத்து 20 ஆயிரம். தீக்குதிரை ஆண்டான 1966இல் 13 லட்சத்து 60 ஆயிரம். மறுவருடம் 19 லட்சத்தைத் தாண்டியது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிவிட்ட நாட்டில், பெண்ணாகப் பிறந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே ஆண்டில் நாலரை லட்சம் பிறப்புகள் குறைந்தன. அடுத்த தீக்குதிரை 2026.

சீனாவிலும் "கைம்பெண் ஆண்டு" என்று ஒன்று உண்டு. வசந்தத் தொடக்க நாள் இடம்பெறாத சாந்திரமான ஆண்டில் மணந்தால் பெண் விதவையாவாள் என்பது நம்பிக்கை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஆண்டு அப்படிப்பட்டது. 2023இல் 76 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த சீனத் திருமணப் பதிவு 2024இல் 61 லட்சமாகச் சரிந்தது. வேலையின்மையும் வீட்டு விலையும் கல்யாணமே வேண்டாம் என்கிற இளம்பெண்களின் முடிவும் அதில் பெரிய பங்கு. கைம்பெண் ஆண்டும் பேச்சில் அடிபட்டது. கிரகங்களும் கணிதமும் கடவுள்களும் வேறு வேறாக இருந்தும் இரண்டு பஞ்சாங்கங்களும் பெண்ணைப் பார்த்துப் பயப்படும் இடம் ஒன்றேதான்: அவளால் ஒரு ஆண் செத்துப்போவான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே இராகு காலத்திலும் ஆடியிலும் கல்யாணம் நடத்திக் காட்டினார்கள். 1953இல் அத்தகைய மணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது விலை கொடுத்தது அந்த மனைவியும் பிள்ளைகளும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. நாள், நட்சத்திரம் என்ற பேச்சே அதில் இல்லை. புரோகிதர் தேவையில்லை, மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இராகு காலத்தில் தாலி கட்டுவது என்பது கடிகார முள்ளைத் திருப்பிவைப்பது மட்டுமாகவே பல வீடுகளில் நின்றுபோனது. தேதியைக் குறித்தவர் அங்கேயும் அப்பாதான், கட்சித் தலைவருக்கு எந்த நாள் ஓய்வு என்று கேட்டுக் குறித்தார். குஞ்சிதமும் நீலாவதியும் மேடையேறிப் பேசிய கேள்வி, மணமகளுக்கு எந்த நாள் சம்மதம் என்பதாக அடுக்களை வரை வந்து சேரவில்லை.

பகுத்தறிவு மேடை பார்க்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. பெண்கள் இந்தத் தாளை வெறும் பயத்தோடு வாசிப்பவர்கள் அல்லர். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு: துர்க்கை சன்னிதியில் எலுமிச்சை விளக்குக்குக் கூட்டம் கூடும் இராகு காலங்கள் இவை. ஒன்று, மதியச் சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கும் இடைவெளி. மற்றது, எல்லோரையும் அனுப்பிவிட்டு உலை வைப்பதற்குள் கிடைப்பது. ஆண்கள் கெட்டது என்று விலக்கிய நேரத்தை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்து நாலு பெண்களோடு உட்கார்கிறார்கள். வேண்டிக்கொள்வது மகளின் கல்யாணத்துக்காகவும் கணவனின் குடிக்காகவும்தான் என்றாலும், அந்த ஒன்றரை மணி நேரத்தில் "எங்கே போனே?" என்று கேட்க வீட்டில் யாருக்கும் வாய் வராது. புதுமணப் பெண்ணுக்கு ஆடி மாதம் தாய்வீடு. சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக்கூடாது என்பது சொல்லப்படும் காரணம். மாமியார் வீட்டில் முதல் வருடம் கழித்தவளைக் கேட்டால் அவள் வேறு காரணம் சொல்வாள்.

"வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் "பொருந்தவில்லை" என்று சொல்லலாம். பணக்கார மாமன் மகனைத் தட்டிக்கழிக்க ரஜ்ஜு போல ஒரு கருவி வேறில்லை. யார் முகமும் சுளிக்காது, உறவும் அறுபடாது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகளைக் கேட்டு வருகிறார்கள் என்று வையுங்கள். "இந்த வருஷம் அவளுக்குக் குரு பலம் இல்லையாம், அடுத்த குருப்பெயர்ச்சிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டால் அப்பா வாய் திறக்க மாட்டார். வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டை முடிக்க அது போதும். எத்தனை அம்மாக்கள் இப்படிக் கிரகத்தின் மேல் பழியைப் போட்டுப் பெண்களைப் படிக்கவைத்திருக்கிறார்கள் என்பதை மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடுகள் கணக்கில் எடுத்ததில்லை. ஆனால் இது கடன் வாங்கிய மறுப்பு. அடுத்த வருஷம் குரு வந்துவிடுவார். மகள் மறுத்தாள் என்று எங்கும் எழுதப்படாது. நேரம் மறுத்தது என்றுதான் இருக்கும்.

நேரத்தைக் காட்டி மறுக்காமல், தன் வாயால் நிபந்தனை வைத்த ஒருத்தி திருவொற்றியூர்க்காரிதான். பெரியபுராணத்துச் சங்கிலியார், பக்கத்து ஞாயிறு ஊர்ப் பெண். பெற்றோர் கல்யாணப் பேச்செடுத்தபோது உடன்படாமல், திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிப் பூத்தொடுத்தவள். சுந்தரருக்கு அவளைக் கொடு என்று சிவபெருமானே கனவில் வந்து கேட்கிறார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. அவருக்குத்தான் திருவாரூரில் பரவை இருக்கிறாளே என்கிறாள். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான் என்கிறார் இறைவன். சுந்தரர் சும்மா இல்லை. நான் சத்தியம் செய்யும்போது நீர் சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இரும் என்று இறைவனிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறார். அந்தச் செய்தியும் கனவுவழியே சங்கிலிக்கு வந்துவிடுகிறது. மறுநாள் கோயிலுக்குள் சத்தியம் செய்யத் தயாராக நிற்பவரிடம் தோழிப் பெண்கள் சொல்கிறார்கள், இங்கே வேண்டாம், மகிழமரத்தடியில் செய்யும் என்று. எல்லோரும் இதைத் தம்பிரான் தோழரின் திருவிளையாடலாகச் சொல்லிப் பழக்கப்பட்டிருக்கிறோம். ஒரு பெண்ணும் அவளுடைய தோழிகளும் சேர்ந்து, ஓட்டை இல்லாத ஒரு ஒப்பந்தத்தை எழுதிவாங்கிய கதையாகவும் இதைப் படிக்கலாம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அது இன்றும் நடக்கிறது.

வசந்தவிழா நினைப்பு வந்து சுந்தரர் ஆரூருக்குக் கிளம்பிவிட்டார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயிற்று. அன்று என்ன கிழமை, எந்தத் திசையில் சூலம் என்று சேக்கிழார் சொல்லவில்லை.